நாட்டுப்புற இசை ஆல்பங்களும் மாற்றுப் படங்களும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரிக்காரன். வேலை ஓசூர் சிப்காட்டில், வாரக் கடைசியில் ஊர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, பென்னாகரம் சாலையில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு படம் போடுகிறோம். படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஏதாவது ஓர் ஆல்பத்திலிருந்து பாட்டு. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மாம்பழக் காலத்தில் தோப்பு வேலை இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். "அண்ணா, அடுத்து எதைக் கேட்கலாம்? எதைப் பார்க்கலாம்?" என்று வருகிறவர்களும் வராதவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இசையையும் படத்தையும் ஏன் சேர்த்தே சொல்கிறீர்கள்?

எனக்கு இரண்டும் ஒரே திடலில் கிடைத்தவை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் வெயில் காலத்தில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படித்து விளக்கம் சொல்வார்கள், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். பதினெட்டு நாள் நடத்துகிற ஊரும் உண்டு. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரமான மரத்தில் ஏறுவார். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு படுத்திருப்பான். பாட்டு எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஆயா மடியில் தூங்கியும் விழித்தும் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பின்னாளில் நல்ல பாட்டையும் நல்ல படத்தையும் தேடிப் போனபோது அந்தத் திடலை வைத்துத்தான் எதையும் அளந்து பார்த்தேன். இன்றும் அப்படித்தான்.

இந்தப் படங்கள் ரொம்ப மெதுவாகப் போகின்றனவே, உட்கார முடியவில்லையே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூத்தில் துரியோதனன் வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து அவன் பாடுவான், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார், சலங்கைச் சத்தம் கேட்கும், கட்டியங்காரன் குறுக்கே வந்து ஏதாவது கேட்டுச் சிரிக்க வைப்பான். ஆள் இன்னும் வந்திருக்க மாட்டான். திரை விலக அரை மணி நேரம்கூட ஆகும். யாரும் எழுந்து போவதில்லை. கர்ண மோட்சத்தில் போருக்குக் கிளம்பும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பாடிப் பேசி முடிப்பதற்குள் நடுச்சாமம் தாண்டிவிடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பொறுமையில் வளர்ந்த ஊர்க்காரர்கள் "மெதுவான படம் நமக்கு ஒத்துவராது" என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொறுமை நம்மிடம் இருக்கிறது, நாலைந்து வருடப் போன் பழக்கம் அதை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். படம் பார்க்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். முதல் இருபது நிமிடம் கதையைத் தேடாமல், என்ன சத்தம் கேட்கிறது என்று மட்டும் கவனியுங்கள்: காற்று, செருப்பு, ஆடு, பக்கத்து வீட்டுப் பேச்சு. அந்த இருபது நிமிடம் தாண்டிவிட்டால் படம் தானே உங்களை இழுத்துக்கொள்ளும். அப்படியும் இழுக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மெதுவாகப் போகிற எல்லாமே நல்ல படம் என்று நான் சொல்ல வரவில்லை. சும்மா இழுக்கிற படங்களும் நிறைய இருக்கின்றன.

சரி, முதல் படம் எது?

'கூழாங்கல்'. பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படம். 2021ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். குடிகாரக் கணவன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். திரும்பும்போது பேருந்துக்குக் காசு இல்லை. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் அப்பனும் பிள்ளையும் நடக்கிறார்கள். கதை அவ்வளவே. தன் சகோதரிக்கு நேர்ந்ததிலிருந்து இந்தப் படம் பிறந்தது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். புகுந்த வீட்டில் விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்தாராம்.

எங்கள் மாடியில் போட்டபோது ஒரு பெரியவர், "இது நம்ம அரூர்ப் பக்கம் எடுத்ததா?" என்று கேட்டார். அதே வறண்ட மண், அதே வேலிமுள், தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் அதே பெண்கள். தாகம் தெரியாமல் இருக்க பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்வான். எங்கள் ஊரிலும் மாடு மேய்க்கப் போகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. படம் முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அது பிடித்துப்போனால் அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி' (2024). ஒரு பெண்ணுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று குடும்பமே ஆட்டோவிலும் வண்டியிலுமாகச் சாமியாரிடம் கூட்டிப் போகிறது. படத்தில் பின்னணி இசையே கிடையாது. இசைப் பிரியர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதே அதற்காகத்தான். இசை இல்லாத இடத்தில் நம் காது எப்படி விழித்துக்கொள்கிறது என்று தெரியும்.

வேறு தமிழ்ப் படங்கள்?

'கடைசி விவசாயி' (2022), மணிகண்டன் இயக்கியது. நல்லாண்டி என்ற பெரியவர் மாயாண்டி என்ற கிழ விவசாயியாக வருகிறார். படம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டார், பிறகு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர் மேல் வழக்கு விழும். உள்ளே இருக்கும்போதும் அவருக்கு விதைத்த நெல்லைப் பற்றித்தான் கவலை. நெல் போட்டவர் யாராக இருந்தாலும் அந்தக் கவலை புரியும்.

'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), லெனின் பாரதி. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவன் சொந்தமாகக் காணி நிலம் வாங்கப் பாடுபடுகிறான். மூட்டை மலைச்சரிவில் உருண்டு ஏலம் சிதறும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும்.

'நசீர்' (2020), அருண் கார்த்திக். கோவையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் மனிதரின் ஒரு நாள். எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. மென்மையான மனிதர், மென்மையான படம், முடிவு மட்டும் மென்மையானது இல்லை.

பழையவற்றில் ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), கி.ராஜநாராயணனின் 'கிடை'யை வைத்து அம்ஷன் குமார் எடுத்த 'ஒருத்தி'. 'வீடு' படத்துக்கு இளையராஜா தனியாகப் பாட்டு போடவில்லை, அவருடைய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசைதான் படத்தில் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேட்டும் பார்த்தும் பாருங்கள், ஆல்பம் வேறொன்றாகக் கேட்கும்.

கூத்துக் கலைஞர்களைப் பற்றிய கதை வேண்டுமென்றால் நாசர் இயக்கிய 'அவதாரம்' (1995). கடைசிப் பகுதி கொஞ்சம் சினிமாத்தனமாகப் போனாலும் கூத்தாடிகள் மேல் வைத்திருக்கும் மரியாதைக்காகவே பார்க்கலாம்.

சினிமாவிலேயே நாட்டுப்புறப் பாட்டு வருகிறதே, தனி ஆல்பம் எதற்கு?

சினிமாப் பாட்டுக்கு நான்கு நிமிடம்தான். நடவுப் பாட்டு ஒரு வயல் முடிகிறவரை போகும். ஏற்றப் பாட்டு எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே போகும். வேலையின் நீளம்தான் பாட்டின் நீளம். சினிமா அதன் மெட்டை எடுத்துக்கொள்ளும், நேரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. தனியாக ஆல்பம் போடுகிற கலைஞர்கள் அந்த நேரத்தைக் கொஞ்சமாவது திருப்பித் தருகிறார்கள். யார் பாட்டு, யாரிடமிருந்து வந்தது, எதற்காகப் பாடினார்கள் என்பதையும் அவர்களால் சொல்ல முடிகிறது.

அப்படியானால் எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கே.ஏ.குணசேகரனின் 'தன்னானே' ஒலிநாடா. அவர் பாடகர், நாடகக்காரர், பேராசிரியர். 2016ல் காலமானார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் அவருடையது. அந்தக் குரலில் மெருகு இருக்காது, ஒரு கேள்வி இருக்கும். பரிந்துரை கேட்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் அனுப்புவேன்.

அடுத்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், நவநீதகிருஷ்ணன் தம்பதியின் பதிவுகள். மதுரையில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைத் தொகுத்துப் பாடியவர்கள். விஜயலட்சுமி அவர்களுக்கு 2018ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தெம்மாங்கு, தாலாட்டு, கும்மி என்று வகை பிரித்துக் கேட்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கொல்லங்குடி கருப்பாயி அம்மாளின் வானொலிப் பாட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். 'ஆண் பாவம்' (1985) படத்தில் பாட்டியாக வந்தாரே, அவரேதான்.

இப்போதைய தலைமுறையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 'மகிழ்ச்சி'. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானா, பறை, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். குழுவின் பெயருக்கு அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணம் மூலம். அந்தக் குழுவிலிருந்து வந்த ராப் பாடகர் அறிவின் 'தெருக்குரல்' (2019), பிறகு 'வள்ளியம்மா பேராண்டி' (2024) இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதை அந்தப் பேரனின் குரலில் எப்படி வளர்ந்தது என்று புரியும்.

ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரே வரிசையில் கேளுங்கள். நான் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஏறும்போது போடுவேன், கிருஷ்ணகிரி மேம்பாலம் வருவதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன நேரம் வேண்டும்?

நம் மாவட்டத்துப் பம்பை, உடுக்கைக்கு ஆல்பம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

பம்பை என்பது இரண்டு முழவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி இடுப்பில் மாட்டி அடிப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் அது இல்லாமல் சாமி அழைக்க முடியாது. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மன் மயானக் கொள்ளை நடக்கும்போது போய் நில்லுங்கள். பம்பைக்காரர் முதலில் கதை சொல்வதுபோல நிதானமாகத் தொடங்குவார், உடுக்கை உள்ளே புகும், சிலம்பு சேரும், நேரம் போகப் போக அடி நெருங்கும். எந்த இடத்தில் நம் உடம்பு அதற்குள் போய்விட்டது என்றே தெரியாது.

பம்பைக் குழுக்களின் பதிவுகள் உள்ளூர் ஸ்டுடியோக்களில் போட்டவையாகவும், திருவிழாவில் போனில் எடுத்தவையாகவும் யூடியூபில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எதிரொலியைக் கூட்டி, கீபோர்டு சேர்த்து, பம்பையை அடியில் அமுக்கிவிடுகிறார்கள். பம்பையின் அழகு அதன் அடித்தொண்டைச் சத்தத்தில் இருக்கிறது, சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். அதனால் நான் ஆல்பம் சொல்லவில்லை, திருவிழாவைச் சொல்கிறேன். நல்ல ஒலிப்பதிவு தெரிந்த இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு நல்ல பம்பைக் குழுவை ஒரே மைக்கில், எதுவும் சேர்க்காமல், முழு இரவும் பதிவு செய்து அவர்கள் பெயரிலேயே வெளியிட்டால் நான் முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவேன். தயவுசெய்து யாராவது செய்யுங்கள்.

பறை பற்றி ஒரு நல்ல ஆவணப்படம் இருக்கிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோ ஷெரினியன் 2011ல் எடுத்தது. தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட பறையை இசையாக மீட்டெடுக்கும் கலைஞர்களைப் பற்றியது.

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம், தெலுங்கு பேசுவோம். எங்களுக்கு என்ன?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்து இந்தக் கேள்வி வரும். உங்களுக்கு இரட்டைக் கொடுப்பினை.

கன்னடத்தில் முதலில் 'திதி' (2015), ராம் ரெட்டி இயக்கியது. மண்டியா மாவட்டத்துக் கிராமம். நூற்றியொரு வயதுக் கிழவர் செத்துப்போகிறார். பதினோராம் நாள் காரியம் வரை அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படம். நடித்தவர்கள் ஊர்க்காரர்களே. நிலத்தை விற்கத் துடிக்கும் பேரன், எதற்கும் கவலைப்படாமல் காடு கழனியில் சுற்றும் மகன்... நம் ஊர்ப் பங்காளிச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள்.

இரண்டாவது 'சோமன துடி' (1975). சிவராம காரந்தின் நாவலை பி.வி.காரந்த் படமாக்கினார். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை இதற்குக் கிடைத்தது. சோமன் பண்ணையடிமை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் உழவேண்டும் என்ற ஒரே ஆசை. அவனுடைய சாதிக்கு அது மறுக்கப்படுகிறது. கோபமோ துக்கமோ வந்தால் துடியை எடுத்து அடிப்பான். பேச இடமில்லாதவன் பறையால் பேசுகிற படம், இதைவிட நேராகச் சொன்ன ஒன்றை நான் பார்த்ததில்லை.

இசையில் மலை மாதேஸ்வரன் பாட்டுகள். நம் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் மாதேஸ்வரன் மலைக்கு நடந்துபோய் வருகின்றன. வெண்கலத் தாளமான கம்சாளையை வீசி ஆடிப் பாடுவதை அங்கே கேட்டிருப்பீர்கள். 'சோஜுகாத சூஜு மல்லிகே' என்று இப்போது எல்லோர் போனிலும் ஒலிக்கிறதே, அது மாதேஸ்வரனைப் பாடும் நாட்டுப்பாட்டுதான். பெங்களூரு ரகு தீட்சித்தின் 2008 ஆல்பத்தில் சிசுநாள ஷரீப் பாடிய பழைய பாட்டுகளில் ஒன்று கிட்டாரோடு வருகிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கக்கூடிய ஆல்பம்.

தெலுங்கில் 'மா பூமி' (1979). தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தைப் பற்றியது, கத்தர் பாடிய 'பண்டெனக பண்டி கட்டி' பாட்டு இதில் வருகிறது.

ஒப்பாரி பற்றி ஏதாவது படம் உண்டா?

இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று 'செத்தும் ஆயிரம் பொன்' (2020), ஆனந்த் ரவிச்சந்திரன் இயக்கியது. ஒப்பாரி பாடும் பாட்டிக்கும் ஊரைவிட்டுப் போய்விட்ட பேத்திக்கும் நடுவில் தீராத மனத்தாங்கல். துக்க வீட்டில் பாடுவது ஒரு தொழில், ஒரு திறமை, ஒரு நகைச்சுவையும்கூட என்று அந்தப் படம் பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

இன்னொன்று ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 1999ஆம் ஆண்டுப் படம், 'காற்று நம்மைச் சுமந்து செல்லும்' என்று பொருள்படும் பெயர். குர்து மலைக்கிராமம் ஒன்றுக்கு நகரத்திலிருந்து ஒரு குழு வருகிறது. அங்கே ஒரு கிழவி சாகக் கிடக்கிறாள். அவள் இறந்தால் நடக்கும் துக்கச் சடங்கைப் படம்பிடிக்க வேண்டும். கிழவி சாகிற வழியாக இல்லை. போன் வந்தால் சிக்னலுக்காக அந்த ஆள் ஒவ்வொரு முறையும் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டிலிருக்கும் இடுகாட்டுக்கு ஓடவேண்டும். சித்தேரி, வத்தல்மலை பக்கம் போனவர்களுக்கு அந்த ஓட்டம் நன்றாகவே புரியும். அடுத்தவர் துக்கத்தைப் பதிவு செய்யக் காத்திருப்பது சரியா என்று படம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கக் கிளம்பும் எல்லோரும் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

வெளிநாட்டு இசையில் நமக்கு நெருக்கமாக ஏதாவது?

மாலி நாட்டு அலி ஃபர்க்கா தூரே. அவர் விவசாயி. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் செய்த 'டாக்கிங் டிம்பக்டு' (1994) கிராமி விருது வாங்கியது. உலகம் முழுக்கக் கூப்பிட்டார்கள், அவர் நைஜர் ஆற்றங்கரையில் இருந்த தன் கிராமத்து வயலுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆல்பத்துக்கு ஒலிப்பதிவுக் கருவிகளும் ஜெனரேட்டரும் அவருடைய ஊருக்கே போயின. அப்படி வந்ததுதான் 'நியாஃபுங்கே' (1999), ஊரின் பெயரே ஆல்பத்தின் பெயர். பின்னால் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். ராகி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இரவுகளில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

படமும் ஆல்பமும் ஒன்றாக வேண்டுமென்றால் 'ஜுனூன்' (2015). ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டைக்குள் ராஜஸ்தான் கலைஞர்களும் இஸ்ரேல் இசையமைப்பாளர் ஷை பென் சூரும் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டும் சேர்ந்து பதிவு செய்தார்கள். அதை அமெரிக்க இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படமாக எடுத்தார். நடுவில் கரண்ட் போகும், அறைக்குள் புறா பறக்கும், அதையெல்லாம் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வசனமே இல்லாமல் ராஜஸ்தானிலிருந்து ஸ்பெயின் வரை நாடோடிகளின் இசையைப் பின்தொடரும் 'லாச்சோ ட்ரோம்' (1993) படத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல படம் இல்லை.

குழந்தைகளோடு பார்க்க?

ஜி.அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979). மலையாளம். ஊருக்கு வரும் பூச்சாண்டிக் கிழவர் பிள்ளைகளை விலங்குகளாக மாற்றிவிடுகிறார், நாய் ஆன ஒரு பையனால் மட்டும் உடனே பழையபடி மாற முடியாமல் போகிறது. 2021ல் படச்சுருளைச் சீரமைத்துப் புதுப்பித்தார்கள், அந்தப் பிரதியைத் தேடிப் பாருங்கள், நிறம் கண்ணை விட்டுப் போகாது. பெரிய பிள்ளைகளுக்கு 'காக்கா முட்டை'.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

ஓடிடியில் இருப்பது அடிக்கடி மாறும். ஆகவே படத்தின் பெயரைத் தேடி, இப்போது எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கொன்று எடுத்தால் செலவு தாங்கும். தனியிசைக் கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற இடங்கள் இருந்தால் அங்கே வாங்குங்கள், காசு அவர்களிடம் போய்ச் சேரும்.

திரைப்பட விழாவுக்கு நம் ஊர் வசதியானது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். வருடா வருடம் அங்கே சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. டிசம்பரில் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும். கேரள விழாவுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். ஆட்டோக்காரரும் மாணவியும் ஒரே வரிசையில் நின்று ஈரான் படத்துக்கு இடம் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரிலும் திரையிடலாமா? என்ன வேண்டும்?

ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, நல்ல ஸ்பீக்கர் இரண்டு. காசு இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்த்துவிடுவார்கள், சத்தம் கரகரத்தால் எழுந்து போய்விடுவார்கள். பொது இடத்தில் போடுவதென்றால் இயக்குநரிடமோ தயாரிப்பாளரிடமோ எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். சிறிய படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் சம்மதிக்கிறார்கள், சிலர் தாங்களே வந்து பேசவும் செய்கிறார்கள். வந்தால் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் கட்டாயம் கொடுங்கள்.

சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கூத்தில் கட்டியங்காரன் கதையைச் சொல்லிக்கொண்டே போவதுபோல, எங்களில் ஒருவர் முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிட்டு, திரையின் ஓரத்தில் உட்கார்ந்து தேவையான இடத்தில் மட்டும் தமிழில் சொல்வார். முதலில் தயங்கினோம். இப்போது பெரியவர்கள் அவர் வரவில்லை என்றால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

எங்கள் ஆயா நிறையப் பாட்டு பாடுவார். பதிவு செய்து வைக்கலாமா?

இன்றைக்கே செய்யுங்கள். என் ஆயாவுக்குக் களை எடுக்கும் பாட்டும் தாலாட்டும் எத்தனையோ தெரியும். அடுத்த லீவில், அடுத்த பொங்கலில் என்று தள்ளிப்போட்டேன். அவர் போன பிறகு என்னிடம் இருப்பது இரண்டரை வரிகள்தான். அதைச் சொல்லும்போது இன்னும் வலிக்கிறது.

போனே போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், போனை மடித்த துண்டின்மேல் வையுங்கள், ஒரு முழ தூரம் இருக்கட்டும். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். யாரிடம் கற்றார், எந்த வேலையில் பாடுவது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். பாட்டைவிட அந்தப் பேச்சுதான் சில நேரம் பெரிய பொக்கிஷம். வரி மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள், அவரே வேறு வரி கட்டுவார்.

ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடக்கூடாது, அபசகுனம் என்று பலர் தயங்குவார்கள். வற்புறுத்த வேண்டாம். மாட்டுக்கொட்டகையிலோ வயல் வரப்பிலோ உட்கார்ந்து பாடச் சம்மதிப்பவர்கள் உண்டு. துக்க வீட்டில் போனை நீட்டுவது மட்டும் கூடவே கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் எதையும் இணையத்தில் போடாதீர்கள். வெளியில் உள்ள பாடகரிடம் பதிவு செய்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள், ஒரு பிரதியையும் அவர் பிள்ளைகளின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்றால்?

சொல்லுங்கள், கோபமே வராது. எந்த இடத்தில் விலகிப்போனீர்கள் என்று சொன்னால் அடுத்த பரிந்துரை சரியாக அமையும். ஒருவருக்கு 'நசீர்' பிடிக்கவில்லை, 'திதி' கொடுத்தேன், மூன்று முறை பார்த்துவிட்டார்.

அடுத்த மாதம் மாடியில் என்ன படம்?

'சோமன துடி'. படத்துக்கு முன்னால் இந்த முறை ஆல்பம் கிடையாது. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவர் தன் மகனோடு வந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகனுக்குப் பன்னிரண்டு வயது, உடுக்கை அவன்தான். ஏழு மணிக்குத் தொடங்கும். பாயும் போர்வையும் கொண்டு வாருங்கள், மாடியில் குளிர் இருக்கும்.